தாலாட்டை நிரூபித்தவன்

அந்த ஒரு வருஷத்தில் எங்கள் சுற்றுவட்டாரத்தில் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தவன் நான்தான். சொந்தமா, தெரிந்தவனா என்றெல்லாம் பார்ப்பதில்லை. பந்தலில் ஆண்களோடு உட்காருவேன். காது மட்டும் உள்ளே பெண்கள் கூடி அழுகிற இடத்தில் இருக்கும். மடியில் ஒரு துண்டுக் காகிதம், முனை மழுங்கிய பென்சில். யாரும் பார்க்காத சமயத்தில் ஸ ரி க ம என்று கிறுக்கிக்கொள்வேன். துட்டி விசாரிக்க வருகிற வாத்தியார் ரொம்ப இரக்கமுள்ளவர் என்று ஆரம்பத்தில் நல்ல பேர்தான் இருந்தது. போகப் போக, நான் தெருவில் நடந்தாலே படுக்கையில் கிடக்கிற கிழவர்கள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்கிறார்கள் என்று பேச்சு கிளம்பியது. கோட்டாற்றில் ஜவுளிக்கடை வைத்திருந்த சாயபு ஒருவர், “வாத்தியாரே, எங்க உம்மாவுக்கு இன்னும் காலம் இருக்கு. நீங்க போயிட்டுப் பின்ன வாங்க” என்று சிரித்துக்கொண்டே சொன்னார்.

நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். சின்ன வயதில் ஒரு பாகவதரிடம் சில வருஷம் பாட்டுப் படித்திருந்தேன். குரல் சுமார், ஞானம் சுமாருக்குக் கொஞ்சம் மேலே, வாய் மட்டும் அதிகம். திருவனந்தபுரத்தில் ஒரு சங்கீத மாநாடு கூடப்போகிறது, ஆராய்ச்சிக் கட்டுரை வாசிக்க விரும்புகிறவர்கள் எழுதிப்போடலாம் என்று பத்திரிகையில் பார்த்ததிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அந்த மாதிரி சபைகளில் பெரிய வித்துவான்கள் உட்கார்ந்துகொண்டு இந்த ராகத்தில் அந்த நிஷாதம் வரலாமா கூடாதா என்று மணிக்கணக்காகச் சண்டை போடுவார்கள். அந்தச் சண்டையில் போய் நிற்க எனக்கு யோக்கியதை கிடையாது. ஒப்பாரியோ யாரும் தொடாத வஸ்து. அதைத் தொட்டால் என்னை எவனும் மடக்க முடியாது. ஆராய்ச்சி ஆசை என்று வெளியில் சொல்லிக்கொண்டேன். மேடை ஆசை, வேறென்ன.

ஆனால் ஒப்பாரி இன்ன இன்ன ஸ்வரத்தில் போகிறது என்று சொன்னால் மட்டும் அது கட்டுரையாகிவிடாதே. அதில் ஒரு விஷயம் வேண்டும். அந்த விஷயத்தை எனக்குக் கொடுத்தவள் என் மனைவி. அவள் கொடுத்தாள் என்று சொல்வதுகூடத் தப்பு; நான் எடுத்துக்கொண்டேன்.

அப்போது அவளுக்கு ஆறாம் மாசம். தலைப்பிள்ளை. வழக்கப்படி பிறந்த வீட்டுக்குப் போயிருக்க வேண்டியவள், தாய் செத்துப்போயிருந்ததால் எங்கள் வீட்டிலேயே இருந்தாள். அவளுடைய அக்காள் கைக்குழந்தையோடு வந்து ஒரு வாரம் தங்கியிருந்தாள். ஒரு மத்தியானம் நான் என் காகிதங்களைப் பரப்பிவைத்துக்கொண்டு தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த அறையில் சேலைத் தொட்டில் கட்டி, என் மனைவி அக்காள் பிள்ளையைத் தாலாட்டிக்கொண்டிருந்தாள். ஒரு வரி காதில் விழுந்தது. கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தேன். முந்தின வாரம் ஒரு துட்டி வீட்டில் எழுதியது. இன்னொரு வரி கேட்டேன். வரி ஏறுகிற இடம் அதே, மூச்சு விடுகிற இடம் அதே, கடைசியில் இழுத்து இழுத்து இறங்குகிற இறக்கமும் அதே. வார்த்தையை எடுத்துவிட்டால் பிள்ளையை உறங்கவைக்கிற பாட்டும் பிணத்தைச் சுற்றி அழுகிற பாட்டும் ஒரே ஈணம், ஒரே மெட்டு.

எனக்கு மேலெல்லாம் சிலிர்த்துவிட்டது. எழுந்து ஓடினேன்.

“ஏட்டி, அத இன்னொருக்கப் படி” என்றேன். பாடு என்பதற்கு எங்கள் ஊரில் படி என்றுதான் சொல்வோம்.

“பிள்ளை உறங்கியாச்சே” என்றாள்.

“பிள்ளைக்கு இல்லட்டி. எனக்கு.”

வெட்கப்பட்டுச் சிரித்தாள். கல்யாணமாகி இரண்டு வருஷத்தில் அவள் குரலை நான் கேட்க ஆசைப்பட்டது அதுதான் முதல் தடவை என்று நினைத்துவிட்டாள், பாவம். சேலைத் தலைப்பைச் சரிபண்ணிக்கொண்டு முழுசும் படித்தாள். நான் தலையை நிமிர்த்தாமல் எழுதிக்கொண்டேயிருந்தேன்.

அதற்கப்புறம் தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஒத்திகைதான். அவள் தாலாட்டில் ஒரு வரி படிக்க வேண்டும். அதே வரிக்கு எதிர்வரியாக நான் ஒப்பாரியைப் பாடுவேன். மறுபடி அவள், மறுபடி நான். எங்கேயாவது பிசகுகிறதா என்று பார்க்க அதைவிட நல்ல வழி எனக்குத் தோன்றவில்லை. பிசகவேயில்லை. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

இங்கே எங்கள் ஊர்க்காரர்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சவம் என்பது எங்களுக்குச் சர்க்கரை மாதிரி வாயில் கிடக்கிற சொல். சவத்தைத் தூக்கி வெளியே போடு என்றால் பிய்ந்துபோன துடைப்பம் என்று அர்த்தம். எழவெடுத்த மழை, சவத்துப் பூனை, நாசமாப்போற பஸ் என்று ஒரு நாளைக்குள் எத்தனை பேரைக் கொன்று புதைப்போம் என்று கணக்கில்லை. ஆனால் சாவு விழாத வீட்டுக்குள் ஒப்பாரி ஈணம் மட்டும் கேட்கக் கூடாது. சின்னப் பிள்ளைகள் விளையாட்டுக்கு அழுதுபாடினால்கூட முதுகில் அடி விழும். ஒப்பாரியின் வார்த்தைகளைக் கேட்டு நான் போன இடங்களில் பெண்கள் வீட்டுக்குள் வாய் திறக்கவே மாட்டார்கள். ஊரைத் தாண்டி வாய்க்கால் கரைக்கு வந்து, தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டு, வாயைக் கொப்பளித்துவிட்டுத்தான் திரும்பிப் போவார்கள். இதை நான் என் கட்டுரையில் ‘பாமர மக்களின் பயம்’ என்று ஒரு தனிப் பத்தியாகவே எழுதினேன். சபையில் சிரிப்பு வரும் என்று எதிர்பார்த்தேன்.

என் அம்மை ஒருநாள் தோட்டத்திலிருந்து வந்தவள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். கையில் கீரைக்கட்டு. நான் ஒப்பாரியை நன்றாக இழுத்துக்கொண்டிருந்தேன்.

“ஏலே, எழவு விழாத வீட்டுல ஒப்பாரி படிக்கப்பிடாதுன்னு உனக்குத் தெரியாதா? அதுவும் வயித்துப்பிள்ளைக்காரிய முன்னால வச்சுக்கிட்டு.”

“சும்மா இரும்மா. இது ஸ்வரமாக்கும். ஸ்வரத்துக்கு ஜனிக்கதும் தெரியாது, சாவுகதும் தெரியாது.”

“உனக்கும் தெரியல்ல” என்று சொல்லிவிட்டு அம்மை சமையலறைக்குப் போனாள்.

என் மனைவி எதிர்த்து ஒன்றும் சொன்னதில்லை. ஒரே ஒரு தடவை, நான் குரலை உயர்த்தியபோது, வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு, “கொஞ்சம் மெதுவாப் படிங்க. பிள்ளை கேக்கும்” என்றாள். நான், “கேக்கட்டும். ஞானத்தோட பிறக்கும்” என்றேன். எவ்வளவு பெரிய புத்திசாலி.

எட்டாம் மாசத்தில் அவளுக்குக் கால் வீங்கியது. அப்புறம் முகம். ஒருநாள் காலையில் கண் மங்குகிறது, தலை வெடிக்கிறது என்று சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். வில்வண்டி பிடித்து நெய்யூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வெள்ளைக்கார டாக்டர் பார்த்துவிட்டு, பிரசவம் ஆகிறவரைக்கும் எழுந்திருக்கக் கூடாது என்றார். தமிழ் தெரிந்த நர்ஸ் அம்மாள் என்னைத் தாழ்வாரத்துக்கு அழைத்துக்கொண்டுபோய், தாய், பிள்ளை இரண்டு பேரையும் பற்றி இப்போது உறுதி சொல்வதற்கில்லை என்று பக்குவமாகச் சொன்னாள். அம்மை பக்கத்தில்தான் நின்றாள். என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். நானும் பதிலுக்கு நாலு கத்துக் கத்தி ஓய்ந்திருப்பேன்.

நான் பாடியதால்தான் அவளுக்கு அப்படி ஆயிற்று என்று நான் நம்பவில்லை. இதைச் சத்தியமாகச் சொல்லுவேன். ஆனால் நம்பாதவனுக்குச் சோறு இறங்கவில்லை. அந்த வாரம்தான் மாநாடு. போகவில்லை என்று எழுதிவிடலாமென்று ஆஸ்பத்திரியில் அவளிடம் சொன்னேன். சொன்னேனே தவிர, அவள் ‘போங்க’ என்று சொல்ல வேண்டுமென்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டுதான் சொன்னேன்.

“போயிட்டு வாங்க. இத்தற நாளு படிச்சது வீணாப்போவாண்டாம்” என்றாள். பிறகு, “அங்க ஒப்பாரியையும் படிக்கணுமா?” என்று கேட்டாள்.

“படிச்சாத்தானே நிரூபணம்.”

கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். “செரி. அது நம்ம வீடு இல்லியே” என்றாள்.

நாகர்கோவிலில் பஸ் ஏறினேன். தக்கலையில் வண்டி நின்றது. அங்கே இறங்கி நடந்தால் நெய்யூர் எட்டிவிடும். வேர்க்கடலை விற்கிறவன் ஜன்னல் பக்கம் வந்து போனான். டிரைவர் சாயா குடித்துவிட்டு வந்தார். இறங்கு இறங்கு என்று ஒரு மனசு சொல்லிக்கொண்டேயிருந்தது. காகிதக் கட்டை மடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தேன். வண்டி கிளம்பின பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. தப்பித்துவிட்டவனுடைய மூச்சு. அதை நினைத்தால் இப்போதும் என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

சபை ஒரு கல்லூரி மண்டபத்தில் கூடியிருந்தது. முன்வரிசையில் சரிகை அங்கவஸ்திரம் போட்ட வித்துவான்கள், பின்னால் உத்தியோகஸ்தர்கள், இடதுபுறம் பெண்கள். எனக்கு முன்னால் ஒருவர் வீணையின் மெட்டுகளைப் பற்றி வாசித்ததில் பாதிப் பேர் உறங்கிவிட்டார்கள். நான் ஒப்பாரி என்ற வார்த்தையைச் சொன்னதும் விழித்துக்கொண்டார்கள். தலைமை வகித்த பெரியவர் மூக்குக்கண்ணாடியை இறக்கிக்கொண்டு, “இது சங்கீதத்தில் சேர்த்தியா?” என்று கேட்டார். “கேட்டுவிட்டுத் தாங்களே தீர்ப்பு சொல்ல வேண்டும்” என்றேன். பாமர மக்களின் பயத்தைப் பற்றிய பத்தியை வாசித்தேன். நன்றாகச் சிரித்தார்கள்.

தாலாட்டைப் பாடினேன். என் மனைவி எப்படி இழுப்பாளோ அப்படியே இழுத்தேன். தலைகள் ஆடின. நிறுத்தாமல் அதே மூச்சில் ஒப்பாரியை எடுத்தேன். ஆடிய தலைகள் நின்றுவிட்டன. பெண்கள் பக்கத்தில் ஒரு அம்மாள் இடுப்புக் குழந்தையின் காதைக் கையால் பொத்திக்கொண்டு எழுந்தாள். எல்லோருடைய காலையும் மிதித்துக்கொண்டு வெளியே போனாள். நான் பார்த்தேன். பார்த்துக்கொண்டே பாடினேன். குரல் அன்றைக்குப் போல் எனக்கு என்றைக்குமே ஒத்துழைத்ததில்லை.

கைதட்டல் அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பெரியவர் எழுந்து நின்று, “சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபித்துவிட்டார்” என்றார். இரண்டு வித்துவான்கள் வந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள். யாரோ சாப்பிட அழைத்துக்கொண்டு போனார்கள். அவியலில் மாங்காய் போட்டிருந்தது, புளிசேரி ரொம்பப் பிரமாதம். இரண்டாம் தடவை சோறு வாங்கிக்கொண்டேன். அவ்வளவு நேரத்தில் ஒரு கணம்கூட நெய்யூரில் கிடக்கிறவள் எனக்கு ஞாபகத்தில் வரவில்லை. இலையை மடிக்கும்போதுதான் வந்தாள்.

அலறிப் புடைத்துக்கொண்டு ஓடி வந்தேன். அப்படியேதான் கிடந்தாள், வீக்கம் கொஞ்சம் வடிந்திருந்தது. அந்த வாரக் கடைசியில் பெண்குழந்தை பிறந்தது. மாசம் திகையாத, குறைமாசக் குழந்தை, அணில்குஞ்சு போல. ஆனால் அழுகைக்குக் குறைவில்லை. டாக்டர் சிரித்தார். தாயும் பிழைத்துக்கொண்டாள். எனக்கு இருந்த நிம்மதியில் சும்மா இருந்திருக்கலாம். இந்த வாய் இருக்கிறதே. அம்மையிடம் போய், “பாத்தியா? வீட்டுலயும் படிச்சேன், சபையிலயும் படிச்சேன். என்ன ஆச்சு?” என்றேன். அம்மை குழந்தையைத் துணியில் சுற்றிக்கொண்டே, “ஒண்ணும் ஆவல்ல மக்கா. நல்லா இரு” என்றாள். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்தோம். தொட்டில் கட்டினோம். மெலிந்த குழந்தை, உறக்கம் சுலபத்தில் வராது. என் மனைவி கயிற்றை இழுத்து ஆட்டுவாள், முதுகைத் தட்டுவாள், தோளில் போட்டு நடப்பாள். வாய் மட்டும் திறக்க மாட்டாள். ஆஸ்பத்திரி அலுப்பு என்று நினைத்தேன். அம்மை ஒருநாள், “ஒரு தாலாட்டுப் படிச்சா உறங்கிருமே” என்றாள். “தொண்டை கட்டியிருக்கு அத்தை” என்றாள் இவள். அப்படியானால் நான் படிக்கிறேன் என்று அம்மை தொட்டிலருகே உட்கார்ந்து ‘ஆராரோ’ என்று எடுத்தாள். ஒரு வரிகூட முடியவில்லை. என் மனைவி பாய்ந்து வந்து குழந்தையைத் தூக்கி மாரோடு சேர்த்துக்கொண்டு, “வேண்டாம் அத்தை, வேண்டாம்” என்றாள்.

அன்றைக்குத்தான் என்னிடம் சொன்னாள்.

“எனக்கு அந்த ஈணம் வரமாட்டேங்கு. ஆராரோன்னு மனசுல எடுத்தாலே உங்க எதிர்வரி கேக்கு. பிள்ளை முகத்தப் பாத்துக்கிட்டு அத எப்பிடிப் படிக்க?”

“அது வேற, இது வேறட்டி” என்றேன்.

“ரெண்டும் ஒண்ணுன்னு நீங்கதான் சொன்னிய. மாசக் கணக்கா எனக்குச் சொன்னிய.” கோபமாகச் சொல்லவில்லை. பாடம் ஒப்பிக்கிற பிள்ளை போலச் சொன்னாள்.

நான் என்னென்னவோ செய்து பார்த்தேன். வேறு ராகத்தில் ஒரு தாலாட்டை நானே கட்டிக் கொடுத்தேன். வாய்பாடு சொல்வது போல அதைப் பாடினாள். குழந்தை கண்ணை அகல விரித்துக்கொண்டு அவளையே பார்த்தது. இன்னொன்று கட்டினேன், இன்னும் கொஞ்சம் குழைவாக. அதற்கு வீறிட்டு அழுதது. தெருவில் மற்ற வீடுகளில் உறங்கும் பிள்ளைகளுக்கு யாராவது தாலாட்டுகிற சத்தம் கேட்டால் என் மனைவி ஜன்னலைச் சாத்துவாள். அவளுடைய தாயிடமிருந்து அவளுக்கு மிச்சமாக வந்தது அந்த ஈணம் ஒன்றுதான். அதை நான் நாலு பேர் கைதட்டுவதற்காகப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டேன்.

கடைசியில் ஒரு பொய் தயார் பண்ணினேன். பல நாள் யோசித்துப் பண்ணின பொய். அம்மை கோயிலுக்குப் போயிருந்த நேரம். குழந்தை தொட்டிலில் சிணுங்கிக்கொண்டேயிருந்தது. இவள் பக்கத்தில் உட்கார்ந்து கயிற்றை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

“ஏட்டி, ஒரு சங்கதி. கோட்டாத்துல ஒரு வித்துவானப் பாத்தேன். என் கட்டுரையில தப்பு இருக்காம்.”

“என்ன தப்பு?”

“ரெண்டும் ஒண்ணு இல்லியாம். ஒப்பாரியில கடைசி இறக்கத்துல ஒரு ஸ்வரம் தள்ளி நிக்காம். துட்டி வீட்டு இரைச்சல்ல நான்தான் செரியாக் கேக்கல்ல.”

நிமிர்ந்து பார்த்தாள். பிள்ளை பிறந்ததிலிருந்து அந்த முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்திருக்கவில்லை.

“மெய்யாவா?”

“மெய்யாத்தான்.”

“எந்த இடத்துல? படிச்சுக் காட்டுங்க.”

அதற்குத்தானே தயாராக வந்திருந்தேன். தாலாட்டில் ஒரு வரியைப் பாடினேன். பிறகு ஒப்பாரியை எடுத்து, கடைசி இறக்கத்தில் காந்தாரத்தைக் கொஞ்சம் தூக்கி வைத்துப் பாடினேன். தலையைக் குனிந்துகொண்டு கேட்டாள். “இன்னொருக்க” என்றாள். மறுபடி பாடினேன். அவள் நம்ப விரும்பினாள் என்பது எனக்குத் தெரிந்தது. உதட்டுக்குள் மெல்ல அதைச் சொல்லிப் பார்த்தாள். முகம் பழையபடி ஆகிவிட்டது.

“இல்ல. நீங்க அப்பம் படிச்சது இப்பிடி இல்ல.”

“அப்பம் தப்பாப் படிச்சேன்.”

“தப்பு இல்ல. எங்க அம்மை செத்தன்னைக்குப் பெரியம்மை படிச்சதும் அப்பிடித்தான். நான் பக்கத்துல இருந்து கேட்டேன்லா. இஞ்ச பாருங்க, இப்பிடியாக்கும்” என்று, என்னைத் திருத்துவதற்காக, அந்த ஒப்பாரி வரியை அவளே எடுத்தாள். அரைகுறையாக நிறுத்தவில்லை. ஏறுகிற இடத்தில் ஏறி, மூச்சு விடுகிற இடத்தில் விட்டு, இழுத்து இழுத்து இறங்கினாள். கை வழக்கம் போலக் கயிற்றை ஆட்டிக்கொண்டிருந்தது.

சிணுங்கல் நின்றது. குழந்தை கொட்டாவி விட்டது. இறுக்கிப் பிடித்திருந்த விரல்கள் ஒவ்வொன்றாக விரிய, அடுத்த வரி முடிவதற்குள் உறங்கிப்போயிற்று. எங்கள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அது அப்படி உறங்கி நாங்கள் பார்த்ததேயில்லை.

பாடி முடித்த பிறகுதான் அவள் தொட்டிலுக்குள் பார்த்தாள். கயிற்றைப் பிடித்த கை அப்படியே நின்றுவிட்டது.

“இதையும் எழுதிச் சேத்துக்கிடுங்க” என்றாள்.